தபால்காரரும் வாத்தியாரம்மாவும்

இந்த வாரம் உங்களுக்கு ஒரு கணக்குப் போடப் போகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு தொடர்கதைக்கு ஓடிவிடாதீர்கள். கூட்டல், கழித்தல், கொஞ்சம் பெருக்கல், அவ்வளவுதான். மளிகைக் கடைச் சிட்டையைச் சரிபார்க்கத் தெரிந்த எந்தக் குடும்பத் தலைவிக்கும் இது பிரமாதமல்ல. ஆனால் வாரா வாரம் கூடி விளையாடுகிற சிநேகிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போவதற்கு இந்தச் சின்னக் கணக்கே போதும். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

விஷயம், பௌலிங் ஆட்டம். பௌலிங் என்றதும் உங்கள் மனம் சேப்பாக்கம் மைதானத்துக்குப் போயிருக்கும். அங்கே வேண்டாம், திரும்பி வாருங்கள். நான் சொல்வது அமெரிக்காவில், கூரைக்கு அடியில், வழவழப்பான பாதையில் கனத்த பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். ஆட்டக்காரர் தாண்டக் கூடாத கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. பாதையின் அகலம் சுமார் மூன்றரை அடி. கோடியில் 15 அங்குல உயரமுள்ள கட்டைகள் பத்து, முக்கோணமாக அணிவகுத்து நிற்கும். பந்தின் எடை 16 ராத்தலுக்கு மேல் போகக் கூடாது. ஒரு காலத்தில் விழுந்த கட்டைகளை எடுத்து நிறுத்துவதற்கென்றே பையன்கள் கோடியில் உட்கார்ந்திருப்பார்கள். 1950-களில் யந்திரம் வந்து அந்தப் பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

ஓர் ஆட்டத்துக்குப் பத்துச் சுற்று. ஒரு சுற்றில் இரண்டு முறை உருட்டலாம். முதல் உருட்டிலேயே பத்தும் சாய்ந்தால் அதற்கு ‘ஸ்ட்ரைக்’ என்று பெயர். பத்துப் புள்ளியோடு, அடுத்த இரண்டு உருட்டுகளில் கிடைப்பதும் அந்தச் சுற்றின் கணக்கில் சேரும். மிச்சமிருப்பதை இரண்டாவது உருட்டில் சாய்த்துவிட்டால் ‘ஸ்பேர்’. அதற்குப் பத்துப் புள்ளியோடு அடுத்த ஓர் உருட்டின் புள்ளி மட்டும் சேரும். தொடர்ந்து பன்னிரண்டு ஸ்ட்ரைக் அடித்தால் 300. அதற்கு மேல் பிரம்மதேவனே வந்து உருட்டினாலும் ஒரு புள்ளி கூடக் கிடையாது. இந்த 300 என்ற உச்சவரம்பைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சாதாரண ஜனங்கள் இந்த ஆட்டத்தை ‘லீக்’ அமைத்து ஆடுகிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கோஷ்டி. பத்துப் பன்னிரண்டு கோஷ்டி சேர்ந்தால் ஒரு லீக். செப்டம்பரில் தொடங்கி ஏப்ரல், மே வரையில் வாரத்துக்கு ஒரு ராத்திரி, ராத்திரிக்கு மூன்று ஆட்டம். தொழிற்சாலை லீக், மாதா கோயில் லீக், தம்பதிகள் லீக் என்று பல தினுசு. ஆட வருகிறவர்களும் பல தினுசு. இருபது வருஷம் உருட்டிக் கை பழகியவர் ஒரு பக்கம். போன மாதம்தான் பந்தைத் தொட்ட அம்மாள் இன்னொரு பக்கம். இவர்களை ஒரே பாதையில் நிறுத்தினால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரிந்த முடிவுக்காகப் பனியில் காரை ஓட்டிக்கொண்டு யார் வருவார்கள்? இங்கேதான் ‘ஹாண்டிகாப்’ என்னும் சலுகைப் புள்ளி உள்ளே நுழைகிறது.

இந்த வார்த்தைக்கு வயது முந்நூற்றைம்பதுக்கு மேல். தொப்பிக்குள் கைவிடுவது என்பதுதான் அதன் பிறப்பு. இரண்டு பேர் தங்கள் பொருள்களை மாற்றிக்கொள்ள விரும்பினால், நடுவர் ஒருவர் இரண்டுக்கும் உள்ள மதிப்பு வித்தியாசத்தைச் சொல்வார். சம்மதமா இல்லையா என்பதைத் தொப்பிக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டுவார்கள். லண்டனில் நாட்குறிப்பு எழுதிப் புகழ் பெற்ற சாமுவேல் பீப்ஸ், 1660-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் இதை முதல்முறை ஆடியதாகக் குறித்து வைத்திருக்கிறார். அப்புறம் வார்த்தை குதிரைப் பந்தயத்துக்குப் போயிற்று. வேகமான குதிரைக்கு அதிகப் பாரம், மந்தமான குதிரைக்குக் குறைந்த பாரம். கிண்டிப் பந்தயத்தின் சரித்திரம் அறிந்த வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சிலர் வீட்டில் அம்மாமார்களே விளக்குவார்கள்!

பௌலிங்கில் பாரம் ஏற்றுவதில்லை. புள்ளியைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் இதுவரை எடுத்த புள்ளிகளைக் கூட்டி, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி. பின்னம் வந்தால் தள்ளிவிடுவார்கள். லீக்கில் ஓர் அடிப்படை எண்ணை வைத்துக்கொள்வார்கள். 220 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணுக்கும் உங்கள் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று உங்களுக்குச் சலுகை. சில இடங்களில் நூற்றுக்கு நூறு, சில இடங்களில் தொண்ணூறு, சில இடங்களில் எண்பது.

சரி, இரண்டு பேரைக் கற்பனை செய்யுங்கள். ஒருவர் தபால்காரர், சராசரி 190. இன்னொருவர் பள்ளிக்கூட வாத்தியாரம்மா, சராசரி 130. ஒரு புதன்கிழமை ராத்திரி, ஒரே ஆட்டத்தில் தபால்காரர் 205 எடுக்கிறார். வாத்தியாரம்மா 160 எடுக்கிறார். யார் நன்றாக ஆடினார்கள்?

“இதென்ன கேள்வி? 205 பெரிதா, 160 பெரிதா?” என்பீர்கள். பொறுங்கள். நூற்றுக்கு நூறு சலுகை கொடுக்கிற லீக்கில் தபால்காரருக்கு 30, வாத்தியாரம்மாவுக்கு 90. கூட்டினால் தபால்காரர் 235, வாத்தியாரம்மா 250. வெற்றி அம்மாளுக்கு. நூற்றுக்கு எண்பது என்றால் 24-ம் 72-ம் சேர்ந்து 229, 232. அம்மாளுக்கே ஜயம், ஆனால் மூன்றே புள்ளியில். நூற்றுக்கு எழுபது என்றால் 21-ம் 63-ம் சேர்ந்து 226, 223. இப்போது தபால்காரர் ஜயித்துவிட்டார்! நடுவே எழுபத்தைந்து போட்டுப் பாருங்கள். பின்னத்தைத் தள்ளினால் 22-ம் 67-ம் சேர்ந்து இருவருக்கும் 227. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

பார்த்தீர்களா வேடிக்கையை? உருட்டியது அதே பந்து, சாய்ந்தது அதே கட்டை. வேட்டி நனையாமல் காகிதத்தில் ஓர் எண்ணை மாற்றியதும் கெட்டிக்காரர் மாறிவிட்டார். அப்படியானால் ஹாண்டிகாப் என்பது வெறும் பித்தலாட்டமா என்று கேட்டால், இல்லை என்பதே என் அபிப்பிராயம். சலுகை இல்லாத கணக்கு, “யார் அதிகப் புள்ளி எடுத்தார்?” என்று கேட்கிறது. நூற்றுக்கு நூறு கணக்கு, “யார் தம்மைத் தாமே அதிகமாக மிஞ்சினார்?” என்று கேட்கிறது. தபால்காரர் தம் சராசரிக்கு மேல் 15. வாத்தியாரம்மா தம் சராசரிக்கு மேல் 30. நடுவில் உள்ள எண்பது, தொண்ணூறு எல்லாம் இரண்டு கேள்விகளையும் ஒரே டம்ளரில் கலக்கிய பானம். காபியும் டீயும் கலந்தது மாதிரி. குடிப்பவர்கள் குடிக்கிறார்கள், ஆனால் குடித்தது காபியா டீயா என்று சண்டை போடக் கூடாது. லீக்குகளில் நடக்கிற சண்டையில் முக்கால்வாசி இந்த ரகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சண்டை உண்டு. “அந்த அம்மாளுக்குத் தொண்ணூறு புள்ளியை அள்ளிக் கொடுக்கிறார்களே!” என்று தபால்காரரின் சம்சாரம் பொருமலாம். தொண்ணூறு என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தமே கிடையாது. அடிப்படை எண்ணை 220-லிருந்து 230 ஆக்கினால் அம்மாளுக்கு 100, தபால்காரருக்கு 40. இருவருக்கும் பத்துப் பத்து ஏறிற்று. நடுவிலுள்ள அறுபது அப்படியே நிற்கிறது. பார்க்க வேண்டியது அந்த அறுபதைத்தான். அடிப்படை எண், லீக்கில் உள்ள மிகப் பெரிய சராசரிக்கு மேலாக இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். 200 என்று வைத்துவிட்டு, 215 சராசரிக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால், அவருக்குச் சலுகை பூஜ்யம் என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். அவருடைய மேல் பதினைந்து புள்ளியும் ஒவ்வோர் ஆட்டத்திலும் யாருக்கும் தெரியாமல் அவர் கோஷ்டிக்கு இலவசமாகப் போய்ச் சேரும்.

இனி, புள்ளிக்குப் புள்ளி சமம்தானா என்று பார்ப்போம். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தமானது. ஒருவர் பத்துச் சுற்றிலும் முதல் உருட்டில் ஒன்பது கட்டையைச் சாய்க்கிறார். மிஞ்சி நிற்கிற ஒற்றைக் கட்டையை ஒவ்வொரு தடவையும் தவற விடுகிறார். அவருக்கு மொத்தம் 90. இன்னொருவரும் அதே போல ஒன்பது சாய்த்து, அந்த ஒற்றைக் கட்டையைத் தவறாமல் எடுத்துவிடுகிறார். அவருக்கு 190! சாய்ந்த கட்டைகளை எண்ணினால் முன்னவர் 90. பின்னவர், கடைசியில் கிடைக்கிற அதிகப்படி உருட்டையும் சேர்த்து, 109. பத்தொன்பது கட்டை வித்தியாசம், நூறு புள்ளி வித்தியாசமாக வீங்கிவிட்டது.

ஆகையால் 110 சராசரிக்காரர் 130-க்கு ஏறுவதும், 200 சராசரிக்காரர் 220-க்கு ஏறுவதும் ஒன்றாகாது. முன்னவருக்கு ஒற்றைக் கட்டையைக் குறி வைக்கப் பழகினால் போதும். ஒரு குளிர்காலத்தில் நடந்துவிடும். பின்னவர் அதையெல்லாம் என்றைக்கோ பழகி முடித்தவர். அவருக்கு மேற்கொண்டு வேண்டியது ஸ்ட்ரைக், மேலும் ஸ்ட்ரைக். “அதிக முன்னேற்றம் கண்டவர்” என்று வருஷக் கடைசியில் ஒரு பரிசு கொடுப்பார்கள். அது எப்போதும் புதுமுகங்களுக்கே போகிறது என்று பழைய ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

இப்போது 300-ஐ வெளியே எடுங்கள். 220 சராசரிக்காரர் தம்மை மிஞ்சினால் எவ்வளவு மிஞ்ச முடியும்? எண்பது. 120 சராசரிக்காரருக்கு மேலே நூற்றெண்பது புள்ளி ஆகாயம் திறந்து கிடக்கிறது. நூறு பேர் கூடுகிற ஒரு நாள் போட்டியில் நூற்றுக்கு நூறு சலுகை கொடுத்தால் என்ன ஆகும்? தம் சராசரியை 65 புள்ளி தாண்டுகிற ஒருவர் ஜயிப்பார் என்று வைத்துக்கொள்வோம். 140 சராசரிக்காரருக்கு அது 205. ஐந்தாறு ஸ்ட்ரைக்கும் மற்றதில் ஸ்பேரும் விழுந்தால் வந்துவிடும். நல்ல நாளாக இருந்தால் வரும். 220 சராசரிக்காரருக்கு அது 285. ஏறக்குறைய ஆட்டம் முழுவதும் ஸ்ட்ரைக். நல்ல நாள் மட்டும் போதாது, நல்ல ஜாதகமும் வேண்டும். ஒரு நாள் போட்டிகளில் சலுகையை எண்பது, தொண்ணூறு என்று குறைப்பதும், சராசரிப்படி ஆட்டக்காரர்களைப் பிரிவு பிரிவாக்குவதும் இதற்குத்தான். வாரா வாரம் ஆடுகிற லீக்கில் இந்தக் கோணல் அவ்வளவு உறைக்காது. ஒரு ராத்திரி மேலே போனவர் மறு ராத்திரி கீழே வந்துதானே ஆக வேண்டும்?

ஆட்டக்காரரை மட்டும் பார்த்தால் போதாது. பாதையையும் பார்க்க வேண்டும். பாதை மேல் எண்ணெய் பூசுகிறார்கள். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. பொதுவாக நடுவில் அதிகம், ஓரங்களில் குறைவு. பந்து ஓரம் பக்கம் தவறிப் போனால், வறண்ட தரை அதைப் பிடித்து உள்ளே திருப்பிவிடும். உள் பக்கம் தவறினால், எண்ணெய் அதைத் திரும்பவிடாமல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு தப்பும் ஒரே நல்ல இடத்தில் போய்ச் சேரும். எண்ணெயைச் சமமாகப் பரப்பிய பாதையில் இந்த அன்பு கிடைக்காது. ஆகவே ஒரு கூடத்தில் 200 எடுப்பவர் இன்னொரு கூடத்தில் 180 எடுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கடினமான எண்ணெய்ப் பூச்சில் ஆடும் லீக்குகளின் சராசரியைச் சாதாரணச் சராசரியாக மாற்றுவதற்குச் சங்கத்தார் அட்டவணையே வெளியிட்டிருக்கிறார்கள்.

எண்ணெய் எவ்வளவு பொல்லாதது என்பதற்குக் கிளென் ஆலிஸன் கதை ஒன்று போதும். 1982-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி, கலிபோர்னியாவில் லா ஹாப்ரா என்னும் ஊரில், லீக் ஆட்டத்தில் அவர் தொடர்ந்து மூன்று 300 எடுத்தார். முப்பத்தாறு உருட்டு, முப்பத்தாறு ஸ்ட்ரைக், மொத்தம் 900! யாரும் செய்யாத காரியம். அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் அந்தப் பாதைகளைப் பரிசோதித்தது. எண்ணெய்ப் பூச்சு விதிப்படி இல்லை என்று சொல்லி, சாதனையை ஏற்க மறுத்துவிட்டது. பதினைந்து வருஷம் கழித்து, 1997 பிப்ரவரி 2-ஆம் தேதி, நெப்ராஸ்கா மாகாணத்தில் லிங்கன் நகரில் ஜெரமி ஸானன்ஃபெல்ட் என்ற மாணவர் எடுத்த 900-தான் முதன்முதலாக அங்கீகாரம் பெற்றது. ஆலிஸன் உருட்டிய பந்தில் தப்பில்லை. தப்பு அவர் காலடியில் இல்லாத எண்ணெயில். உரிய மனிதருக்கு இது எவ்வளவு வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

அந்தக் காங்கிரஸைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஊர் வேறாக இருந்த விதிகளை ஒரே சீராக்குவதற்காக 1895-ல் நியூயார்க்கில் பிறந்த சங்கம் அது. ஒற்றைக் கட்டைக்கும் ஒரு துளி எண்ணெய்க்கும் நியாயம் பார்த்த அந்தச் சங்கம், பெண்களை உள்ளே சேர்க்கவில்லை. அவர்கள் 1916-ல் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். வெள்ளையரல்லாத ஆண்களையும் சேர்க்கவில்லை. கறுப்பு இன ஆட்டக்காரர்கள் 1939-ல் டெட்ராய்ட் நகரில் தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழிற்சங்கத்தாரும் மற்றவர்களும் வருஷக்கணக்கில் வற்புறுத்திய பிறகு, 1950-ல்தான் அந்த நிறத் தடை விதிப் புத்தகத்திலிருந்து நீங்கியது. ஆண்கள் சங்கமும் பெண்கள் சங்கமும் ஒன்றாகச் சேர 2005 வரை ஆயிற்று. மாலையில் வேலை விட்டு வந்த கறுப்பு இனத் தொழிலாளியின் சராசரி 190 ஆக இருந்தால் என்ன, 130 ஆக இருந்தால் என்ன? அவர் பெயரை ஏட்டில் எழுதினால்தானே நூற்றுக்கு எத்தனை என்ற பேச்சு வரும்!

மனிதர்கள் செய்கிற வேறொரு சின்னத்தனம் உண்டு. ஹாண்டிகாப் இருக்கும் இடமெல்லாம் அது இருக்கும். பரிசுப் போட்டி வருகிறது. சராசரி குறைவாக இருந்தால் சலுகை அதிகம். ஆகவே முன்கூட்டியே வேண்டுமென்று மோசமாக ஆடிச் சராசரியைத் தாழ்த்தி வைத்துக்கொள்வது. அமெரிக்கர்கள் இப்படிப்பட்டவரை ‘மணல் மூட்டைக்காரர்’ என்கிறார்கள். இது சங்க விதிப்படி தண்டனைக்குரிய குற்றம். பல போட்டிகளில், போன வருஷம் குறைந்தது 21 ஆட்டம் ஆடிய சராசரியைத்தான் கேட்கிறார்கள். இந்த வருஷச் சராசரி அதைவிடப் பத்துப் புள்ளி ஏறியிருந்தால், ஏறியதையே எடுத்துக்கொள்வார்கள். விதி இருந்தாலும், மணல் மூட்டையைக் கண்டுபிடிப்பது லீக் காரியதரிசியின் சாமர்த்தியம். அவர் பார்க்க வேண்டியது மொத்தப் புள்ளியை அல்ல. இரண்டு ஆட்டம் ஜயித்து, ராத்திரியின் முடிவு தெரிந்த பிறகு ஆடிய மூன்றாவது ஆட்டத்தில் ஒருவர் வாரா வாரம் திடீரென்று கை சோர்ந்து போகிறாரா என்று பார்க்க வேண்டும். அசதி எல்லாருக்கும் வரும். ஆனால் ஜயித்த ராத்திரிகளில் மட்டும் வருகிற அசதி கொஞ்சம் அதிசயமானது.

மணல் மூட்டைக்காரரைப் பற்றிக் கோபமாகப் பேசுகிறவர்கள், யாரும் மோசம் செய்யாமலே நடக்கிற அநியாயத்தைக் கவனிப்பதில்லை. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்து வந்தேன்.

சராசரி என்பது நேற்றைய புள்ளி. இன்றைக்கு ஆடுகிறவருக்கு நேற்றைய புள்ளியை வைத்துச் சலுகை கொடுக்கிறோம். முன்னேறிக்கொண்டிருப்பவருக்கு இது லாபம், தளர்ந்துகொண்டிருப்பவருக்கு நஷ்டம். மறுபடியும் இரண்டு பேரைக் கற்பனை செய்யுங்கள். ஒரே கோஷ்டியில் ஒரு பையனும் ஒரு தாத்தாவும். தாத்தா யந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் 185 சராசரி. கோஷ்டியின் கடைசி ஆட்டக்காரர், அதாவது நம்பிக்கையான கை, அவர்தான். போன வருஷம் 170-க்கு இறங்கினார். இந்த வருஷம் முழங்கால் வலி; 150-தான் வருகிறது. பையனோ போன வருஷம் 140. இந்த வருஷம் 160 எடுக்கிறான்.

லீக்கில் நூற்றுக்கு நூறு சலுகை, அடிப்படை எண் 220, ஆரம்ப வாரங்களில் போன வருஷச் சராசரியே கணக்கு. தாத்தாவுக்குச் சலுகை 50. அவர் எடுக்கிற 150-ஓடு சேர்த்தால் 200. பையனுக்குச் சலுகை 80. அவன் எடுக்கிற 160-ஓடு சேர்த்தால் 240. ஏட்டைப் புரட்டுகிறவர்களுக்கு என்ன தெரியும்? பையன் நாற்பது புள்ளி மேலே. தாத்தா மூலமாகக் கோஷ்டிக்கு ஆட்டத்துக்கு இருபது, ராத்திரிக்கு அறுபது புள்ளி நஷ்டம். உண்மையில் அவர்கள் ஆட்டத்துக்கு நடுவே இருப்பது பத்தே புள்ளி. மீதி முப்பது காகிதத்தில் முளைத்தது.

பலவீனமானவர்களுக்குக் கை கொடுப்பதற்காக ஏற்பட்ட கணக்கு, உண்மையில் கை தேவைப்படுகிற மனிதரை இப்படிப் பிடித்துத் தள்ளுகிறது. தாத்தா படித்தவரோ இல்லையோ, ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர். “நான் கோஷ்டிக்குப் பாரம்” என்று அவர் நாலாவது வாரம் வீட்டிலேயே தங்கிவிட்டால், சதி செய்தவர்கள் என்று யாரையும் பிடிக்க முடியாது. வாரத்தில் அவர் வெளியே போய் நாலு பேரோடு பேசுகிற ராத்திரி அது ஒன்றாகவே இருக்கலாம். ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் புட்னம் 1995-ல் எழுதிய ஒரு கட்டுரை, 2000-ல் புத்தகமாக விரிந்து உலகப் பிரசித்தி பெற்றது. 1980-க்கும் 1993-க்கும் நடுவில் அமெரிக்காவில் பௌலிங் ஆடுகிறவர்கள் நூற்றுக்குப் பத்து அதிகமானார்கள். லீக்கில் சேர்ந்து ஆடுவது நூற்றுக்கு நாற்பது குறைந்துவிட்டது என்று அவர் கணக்குக் காட்டினார். தனியாகவும், தெரிந்த இரண்டொருவரோடும் ஆடிவிட்டுப் போகிறார்கள் என்பது அவர் கவலை. லீக்குகள் சுருங்கச் சுருங்க, கெட்டிக்காரர்களுக்கென்று ஒன்று, புதியவர்களுக்கென்று ஒன்று என்று தனித்தனியாக நடத்த ஆள் கிடைப்பது கஷ்டம். தபால்காரரும் வாத்தியாரம்மாவும் தாத்தாவும் பையனும் ஒரே கூடத்தில் ஆடினால்தான் உண்டு. சலுகைக் கணக்கைச் சரியாகப் போடாவிட்டால் அதுவும் இல்லை.

சரியாகப் போடுவது பெரிய வித்தையும் அல்ல. போன வருஷச் சராசரியை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இழுக்காமல், இந்த வருஷ ஆட்டத்துக்கு மாறிவிடலாம். மாறியபின் தாத்தாவுக்குச் சலுகை 70, பையனுக்கு 60. இருவரும் 220-ல் வந்து நிற்பார்கள். ரொம்பச் சீக்கிரம் மாறினாலும் ஆபத்து உண்டு. புதிதாக வந்தவர் முதல் ராத்திரி ஜலதோஷத்தோடு மூன்று ஆட்டம் ஆடி, தாழ்ந்த சராசரியோடு மாதம் பூராவும் புள்ளிகளை வாரிக்கொண்டு போவார். கோஷ்டிப் போட்டிக்கு ஒன்பது ஆட்டம், தனி மனிதப் பரிசுக்கு இருபத்தோரு ஆட்டம் என்று வைத்தால் தேவலை என்பேன். ஏட்டில் சலுகை சேர்த்த புள்ளியை மட்டும் எழுதாமல், சலுகையில்லாத புள்ளியையும், அவரவர் சராசரிக்கு மேலா கீழா என்பதையும் தனித்தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். வருஷக் கடைசியில் சலுகை சேர்த்த சராசரியை வைத்து யார் உயர்ந்த ஆட்டக்காரர் என்று பட்டியல் போடவே கூடாது. நூற்றுக்கு நூறு கொடுத்தால் எல்லாரும் 220-ஐச் சுற்றித்தான் நிற்பார்கள். அதில் முதலில் வருகிறவர் உயர்ந்தவர் அல்ல, வேகமாக முன்னேறினவர். உயர்ந்தவர் யாரென்று தெரிய வேண்டுமானால் சலுகையில்லாத சராசரியைப் பாருங்கள். தபால்காரர் மனமும் குளிரும்.

தனி மனிதப் பரிசுகளில், ஒருவருக்கு ஒரு பரிசுதான் என்று பல லீக்குகளில் விதி வைத்திருக்கிறார்கள். அந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. சலுகையில்லாத உயர்ந்த ஆட்டம் ஒருவருக்கு, சராசரியை அதிகம் மிஞ்சிய ஆட்டம் வேறொருவருக்கு.

நமது கற்பனை லீக்கில் பிப்ரவரி மாதம் வரை, சராசரியை அதிகம் மிஞ்சியவர் வாத்தியாரம்மாதான். அந்தப் புதன்கிழமையின் முப்பது புள்ளி. தாத்தா இப்போது கடைசியில் அல்ல, முதலில் உருட்டுகிறார்; சராசரி 152. வெளியே பனி. முழங்காலில் பட்டை கட்டியிருக்கிறார். மூன்றாவது ஆட்டத்தில் ஸ்பேர், ஸ்ட்ரைக், ஸ்ட்ரைக், ஸ்பேர் என்று வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்துப் பாதைக்காரர்கள் தங்கள் பந்தை வைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். முடிவில் 201. தம் சராசரிக்கு மேல் நாற்பத்தொன்பது.

வாத்தியாரம்மா பென்சிலை வாங்கி, தம் பெயரை அடித்துவிட்டுத் தாத்தா பெயரைத் தாமே எழுதினார். லீக் முடிய இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது.